யார் தலையில் விழட்டும்?



ஆகாயத்திலிருந்து கனமான ஒரு பொருள் விழப் போகிறது, எங்கே விழும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது என்று செய்தி வந்தால், முதலாவது என்ன வேண்டிக்கொள்வீர்கள்? "சர்வேசுரா, எங்கள்மேல் விழாமல் காத்தருளும்" என்றுதானே? அது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் எங்கேயாவது விழுந்தே தீரவேண்டிய ஒன்றைக் குறித்து அப்படி வேண்டும்போது, வேண்டுதலின் மறுபாதி வாய்விட்டுச் சொல்லப்படாமல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எங்கள்மேல் வேண்டாம், பின்னே யார்மேல்? இந்த மறுபாதியைப் பற்றி இந்த வாரம் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

1972ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி சோவியத் ருஷ்யா வெள்ளிக் கிரகத்தை நோக்கி ஒரு விண்கலத்தை ஏவியது. நான்கு நாளுக்கு முன் ஏவப்பட்ட அதன் உடன்பிறப்பாகிய வெனேரா 8 பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்து, அந்த ஆண்டு ஜூலை 22ஆம் தேதி வெள்ளியின் தரையில் இறங்கி, அங்கிருந்து செய்தியும் அனுப்பியது. இதுவோ பூமியின் பிடியை விட்டுப் போகவே இல்லை. மேலே தள்ளவேண்டிய எஞ்சின் நேரத்துக்கு முன்னே அணைந்துபோனதால், போகவும் மாட்டாமல் விழவும் மாட்டாமல் பூமியையே சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்குப் புறப்பட்டது என்று வெளியே சொல்லாமல், காஸ்மாஸ் 482 என்று ஒரு பொதுப் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள். தோல்விக்கு வேறு பெயர் சூட்டும் பழக்கம் ருஷ்யருக்கு மட்டும் உரியதல்ல என்பதை நாம் நம் வீட்டிலேயே அறிவோம்.

கலத்தின் மற்றப் பகுதிகள் முன்னே விழுந்துபோயின. எஞ்சியது இறங்குகலம், ஏறக்குறைய ஒரு மீட்டர் குறுக்களவும் 495 கிலோ எடையும் உள்ள உருண்டை. மற்றச் செயற்கைக் கோள்கள் திரும்பி விழுகையில் பெரும்பாலும் காற்றிலேயே எரிந்து போகும். இதுவோ, நம் பூமியைப்போல் 90 மடங்கு காற்றழுத்தமும், ஈயத்தையே உருக்கிவிடும் வெப்பமும் உள்ள வெள்ளிக் கிரகத்தில் இறங்குவதற்கென்றே டைட்டேனியத்தால் செய்யப்பட்டது. எரியாமல் முழுசாய்த் தரைக்கு வரக்கூடும் என்பதுதான் எல்லாரையும் கவலைப்படுத்தியது. 53 வருஷம் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் மேல்காற்றில் சற்றே உரசி உரசி, அது கீழே இறங்கிக்கொண்டே வந்து, 2025ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் வாரத்தில் விழும் என்று கணக்கிட்டார்கள்.

எந்த இடத்தில் என்று ஏன் சொல்ல முடியவில்லை? சூரியனுடைய சீற்றத்துக்கு ஏற்ப மேல்காற்று ஒருநாள் விரிந்திருக்கும், ஒருநாள் சுருங்கியிருக்கும். அந்தக் கலமோ மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கில் ஒரு மணி நேரம் பிசகினால் இடத்தில் 28,000 கிலோமீட்டர் பிசகும். ஆகவே பூமத்திய ரேகைக்கு வடக்கே 52 பாகைக்கும் தெற்கே 52 பாகைக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்றுதான் சொல்லி வைத்தார்கள். மனிதர் குடியிருக்கும் நாடுகளில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். ராமேசுவரமும் அடங்கும்.

அந்த வாரத்தில் வானத்தைப் பார்ப்பதற்குக் காரணங்கள் பல இருந்தன. மே 8ஆம் தேதி இரவு நம் குடும்பங்களில் பலர் ரோமாபுரியின் சிறிய புகைப்போக்கி ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் புகை வந்தது, 14ஆம் லியோ பாப்பரசர் நமக்குக் கிடைத்தார். அதே நாட்களில் வடக்கே எல்லைப்புறத்துச் சனங்கள் விளக்கணைத்து வானத்தைப் பார்த்தது வேறு பயத்தினால். இவற்றுக்கு நடுவே, 9ஆம் தேதி இரவு நம் பங்கு இளைஞர் சிலர் கடற்கரை மணலில் படுத்துக்கொண்டு இந்த விண்கலத்துக்காகக் காத்திருந்தார்களாம். விடியுமட்டும் இரண்டு மூன்று எரிநட்சத்திரங்களைத்தான் பார்த்ததாகச் சொன்னார்கள். (எரிநட்சத்திரம் ஓரிரண்டு விநாடியில் மறைந்துவிடும். திரும்பி விழும் கலமோ மெதுவாய், பல துண்டாகி, ஒவ்வொன்றும் வால் விட்டுக்கொண்டு ஒரு நிமிஷத்துக்குக் கூட வானத்தைக் கடந்து போகும். அப்படியொன்றை 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி மாலை மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் லட்சக்கணக்கானோர் கண்டார்கள். அன்று மகாராஷ்டிரத்தில் வருஷப் பிறப்பு. சந்திரபூர் ஜில்லாவில் லாட்போரி என்ற கிராமத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று காலி மனையில் வந்து விழுந்தது. சீன ராக்கெட்டின் பகுதியென்று அறிந்தவர்கள் சொன்னார்கள்.)

காஸ்மாஸ் 482 இரவில் வரவில்லை. ருஷ்ய விண்வெளி நிறுவனம் தந்த கணக்கின்படி, 10ஆம் தேதி சனிக்கிழமை, நம் நேரம் முற்பகல் 11.54க்கு, நடு அந்தமான் தீவுக்கு மேற்கே 560 கிலோமீட்டரில், அஃதாவது நம் கரைக்குக் கிழக்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில், அது வங்கக் கடலுக்குமேல் காற்றுமண்டலத்தில் புகுந்து, ஜகார்த்தாவுக்கு மேற்கே இந்து மகா சமுத்திரத்தில் விழுந்தது. இரவெல்லாம் காத்திருந்தவர்கள் பகலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருக்கும்படி ஆண்டவர் சொன்ன உவமைகளை இங்கே பிரசங்கிக்கலாம்; அதற்கு ஆகமன காலம் இருக்கிறது. சில நிமிஷ வித்தியாசத்தில் கடலென்பது தரையாகியிருக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, "கடல்ல விழுந்துருச்சாம் ஃபாதர், நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு தாய், கடலுக்குப் போகிறவர்களின் தாய், சிரித்துக்கொண்டே கேட்டார்கள்: "கடல்ல விழுந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாதா சாமி? கடல்ல நம்ம புள்ளைக இல்லையா?"

அந்தக் கேள்வியை நான் அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஆனால் நாட்டுப்படகும் வல்லமும் தொழிலுக்குப் போகும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் கடல் வெறுங்கடல் அல்ல. அந்தமானிலும் சுமத்திராவிலும் நம்மைப்போல் வலை போடுகிறவர்கள் உண்டு, கப்பலில் வேலை செய்கிறவர்கள் உண்டு. தரையில் இருக்கிறவனுக்குக் கடல் ஒரு நீலநிறப் படம். அதில் என்ன விழுந்தாலும் மூடிக்கொள்ளும், தடம் தெரியாது, ஆகவே அங்கே ஆள் இல்லை என்று எண்ணிவிடுகிறான். இந்தக் கரையில் வாழும் நாம் மற்றவர்களைவிட இதை நன்றாய் அறிவோம். ஆனால் நாமும் வேறு விஷயங்களில் இதே கணக்கைப் போடுகிறோம் என்பதை இனிச் சொல்லப் போகிறேன்.

பெரியவர்களுக்கு ஸ்கைலாப் ஞாபகம் இருக்கும். 1973இல் அமெரிக்கர் ஏவிய விண்வெளி நிலையம் அது. 1979ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி, நம் நேரம் இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின், அது விழுந்தது. 70 டன்னுக்கு மேற்பட்ட அந்தப் பொருள் இந்தியாவின்மேல் விழுமோ என்று நம் நாட்டில் அன்று உண்டான திகில் கொஞ்சமல்ல. செத்தால் சாப்பிட்டுவிட்டுச் சாவோம் என்று வளர்த்த ஆட்டையும் கோழியையும் அறுத்தவர்கள் உண்டென்று இன்றும் சிரித்துச் சொல்வார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அன்று எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல அந்நாளைய குருக்கள்தான் வரவேண்டும்.

ஸ்கைலாப் விழுவதற்கு முன் அமெரிக்க விஞ்ஞானிகள் இரண்டு எண்களைச் சொன்னார்கள். குறிப்பிட்ட ஒரு மனிதன்மேல், உதாரணமாக உங்கள்மேல், அதன் துண்டு விழும் வாய்ப்பு 60,000 கோடியில் ஒன்று. ஆனால் உலகத்தில் யாராவது ஒருவன்மேல் விழும் வாய்ப்பு 152இல் ஒன்று. இரண்டும் ஒரே கணக்குத்தான். உலகில் அப்போது இருந்த 400 கோடிக்கும் மேற்பட்ட சனத்தொகையால் பெருக்கினால் முதல் எண் இரண்டாவதாகிவிடும். பள்ளிப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம்.

பிரியமானவர்களே, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். "எனக்கு ஆபத்தா?" என்று கேட்டால் வரும் எண்ணைக் கேட்டு நிம்மதியாய்ப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். "யாருக்காவது ஆபத்தா?" என்று கேட்டால் வரும் எண், தூங்க விடாது. மருத்துவர் ஒருவர் உங்களிடம், "இந்த மருந்தைச் சாப்பிடுகிற 152 பேரில் ஒருவர் இறப்பார்" என்று சொன்னால் அதைத் தொடுவீர்களா? விழுகிற பொருள் ஒன்றே, கணக்கும் ஒன்றே; கேட்கிற கேள்விதான் வேறு. பிறனைத் தன்னைப்போல் நேசிக்கும் கற்பனையைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதைக் கணக்கில் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததுண்டா? முதல் எண்ணோடு நின்றுவிடாமல் இரண்டாம் எண்ணுக்குப் போவதுதான் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

சேசுநாதர் காலத்திலும் மேலிருந்து ஒன்று விழுந்தது. அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தில் காண்பீர்கள். எருசலேமில் சீலோவாம் என்னுமிடத்தில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளாய் இருந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு சனங்களுக்கு இருந்தது. அப்படி நினைத்தால் உயிரோடிருக்கிறவனுக்கு வசதி அல்லவா? விழுந்தது அவன் பாவத்தால், தப்பியது என் புண்ணியத்தால் என்றாகிவிடும். ஆண்டவர் அதை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டு, நின்று கேட்டவர்களையே மனந்திரும்பச் சொன்னார். தப்பியவனைத் தட்டிக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாமோ தப்பியதற்காக நம்மையே தட்டிக்கொடுக்கிறோம். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வந்தது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று முதலில் எச்சரித்தார்கள். நம் கரையெங்கும் செபமாலை சொன்னோம். 16ஆம் தேதி அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கடந்தது. அங்கே தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன, குடிசைகள் பறந்தன. இங்கே என்ன பேசிக்கொண்டார்கள்? "நம்ம வேண்டுதல் பலிச்சுது, மாதா திருப்பி விட்டுட்டாக." தேவமாதாவின் இரக்கத்தில் எனக்கு உங்களைவிடக் குறைந்த விசுவாசம் இல்லை. ஆனாலும் வேளாங்கண்ணி மாதாவின் வீடு நாகப்பட்டினத்துக் கரையில் அல்லவா இருக்கிறது? தன் சொந்தக் கரைக்குப் புயலைத் திருப்பிவிட்டு நம் கரையைக் காக்கிற தாய் யார்? 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அலை விழுங்கியபோது, ரயிலோடு போன அத்தனை பேரும் செபிக்காதவர்களா? அங்கே இடிந்து நிற்கும் கோவில் சுவர்களைப் பார்க்கிற எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

அப்படியானால் நமக்காக வேண்டிக்கொள்ளவே கூடாதா? வேண்டலாம், வேண்டவேண்டும். உயிரைக் காக்க விரும்புவது சர்வேசுரன் நம் சுபாவத்தில் வைத்த ஆசை. ஜெத்சேமனித் தோட்டத்தில் இரத்த வியர்வை சிந்தி, அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டுமென்று நம் இரட்சகரே மன்றாடினார். நீங்கவேண்டும் என்று கேட்டார்; இராயப்பருக்கோ அருளப்பருக்கோ அதைக் கொடுத்துவிடும் என்று கேட்கவில்லை. சற்று நேரத்தில் சேவகர் வந்தபோது, தம்மைப் பிடித்துக்கொண்டு சீஷர்களைப் போகவிடச் சொன்னார். "விழாதிருக்கட்டும்" என்பது ஒரு செபம். "அங்கே விழட்டும்" என்பது செபத்தின் உடையில் வரும் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு மெல்லியது; பயத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு அது தெரியாது.

இங்கே கெட்டிக்காரர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "செபம் இருக்கட்டும் ஃபாதர். கையில் சுக்கான் இருந்தால் என்ன செய்வது? எங்கேயாவது திருப்பித்தானே ஆகவேண்டும்?" நியாயமான கேள்வி. ஸ்கைலாப் விழுந்த நாளில் அமெரிக்கர் கையில் அப்படி ஒரு சிறு சுக்கான் இருந்தது. கடைசி மணிகளில் அதைக் குட்டிக்கரணம் போடவைத்து, காற்றின் தடையைக் குறைத்து, தங்கள் கண்டத்தைத் தாண்டித் தென் ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கடலில் விழும்படி முயன்றார்கள். கணக்குச் சற்றுப் பிசகி, அது இன்னும் தூரம் போய், மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் ஊர்ப் பக்கம் துண்டு துண்டாய் விழுந்தது. தெய்வாதீனமாய் யாருக்கும் காயமில்லை. கண்ட இடத்தில் குப்பை போட்டதற்காக அந்த ஊர்ச் சபையார் அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தார்கள். விளையாட்டுத்தான், ஆனால் விளையாட்டில் ஒரு நீதி இருக்கிறது.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தற்காப்பைப் பற்றி எழுதுகையில், ஒரே செயலுக்கு இரண்டு பலன்கள் உண்டாகலாம், மனிதன் நாடுவது ஒன்று, நாடாமல் வருவது மற்றொன்று என்று பிரித்துக் காட்டுகிறார். சுக்கான் உடைந்த படகை, பிள்ளைகள் குளிக்கும் துறையை விட்டுத் திருப்பி, ஒருவன் மட்டும் வலை பின்னிக்கொண்டிருக்கும் பக்கம் விடுகிறவன் அந்த ஒருவனைக் கொல்ல நாடவில்லை. பலர்மேல் வருவதைச் சிலர் பக்கம் திருப்புவது அவசியத்தில் குற்றமாகாது. ஆனால் அந்த ஒருவனைப் பார்த்துக் கூவவேண்டும். "விலகு, விலகு" என்று தொண்டை கிழியக் கத்தவேண்டும். அங்கே ஒருவன் இருக்கிறான் என்பதையே மனதிலிருந்து அழித்துவிட்டு, "அந்தப் பக்கம் ஆளில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எந்த வேதசாஸ்திரத்திலும் செல்லாது. சிலரை யாருமில்லை என்று எண்ணுவதில்தான் பாவம் ஒளிந்திருக்கிறது.

இதில் நம் நாட்டாருக்குப் பெருமைப்படத்தக்க ஒரு காரியம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கை குறுக்கே வரும். கழன்று விழும் பகுதிகள் அங்குள்ளவர்கள்மேல் விழக்கூடாதென்று, அது முதலில் தென்கிழக்காய்ச் சென்று, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகே தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்காக எரிபொருள் வீணாகிறது, அந்த அளவுக்குச் சுமக்கக்கூடிய பாரம் குறைகிறது. அடுத்த வீட்டுக் கூரைக்காகத் தன் பாதையை வளைத்து, அதற்குரிய நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் ராக்கெட் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கச்சத்தீவு அந்தோனியார் திருநாளில் நாமும் இலங்கைச் சகோதரரும் ஒரே பந்தலில் முழங்காலிடுகிறோம். அவர்கள் கூரை நமக்கு அந்நியமல்ல.

இந்த வளைவின் செலவு வேண்டாமென்றுதான் தூத்துக்குடி ஜில்லாவில் குலசேகரன்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்; சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு அங்கே 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே நேராய்ப் பார்த்தால் தீவு இல்லை, கடல்தான். ஆனால் அந்தக் கடலில் மணப்பாட்டுக்காரரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரரும் தலைமுறை தலைமுறையாய்த் தொழில் செய்கிறார்கள். ஏவும் நாளில் குறிப்பிட்ட பகுதிக்குள் போகக்கூடாதென்று முன்கூட்டி அறிவிப்பது எங்கும் வழக்கம், அவசியமும்கூட. அது நான் மேலே சொன்ன "விலகு" என்ற கூவல். அன்று அந்தப் பகுதிக்குப் போகாமல் விட்ட மீன்பாட்டுக்கு யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. மீனவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் விஞ்ஞானத்துக்கு விரோதி என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. தும்பாவிலே மீனவக் கத்தோலிக்கர் என்ன செய்தார்கள்? திருவனந்தபுரம் ஆண்டகை பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களின் சம்மதத்தோடு தங்கள் அர்ச். மரிய மதலேனாள் கோவிலையே இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்குத் தந்தார்கள். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்துதான் நம் நாட்டு மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. நம் ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம் அங்கே வேலை செய்தார். கோவிலையே கொடுத்தவர்கள் ஒரு நாள் பாட்டைக் கேட்டால் அது பேராசையா?

பரிகாரம் என்பது நம் வேதத்தில் புதிதல்ல. சக்கேயுஸ் வஞ்சித்ததற்கு நாலு மடங்கு திருப்பித் தருவதாய்ச் சொன்ன பிறகே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார். உலக நாடுகளும் இதை ஒருவாறு ஏற்றுக்கொண்டன. விண்ணிலிருந்து விழும் பொருள் பூமியில் சேதம் விளைவித்தால், குற்றம் நிரூபிக்காமலே ஏவிய நாடு ஈடு செய்யவேண்டும் என்ற உடன்படிக்கை 1972 மார்ச் 29ஆம் தேதி கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. காஸ்மாஸ் 482 ஏவப்படுவதற்கு இரண்டே நாள் முன்பு! 1978 ஜனவரியில் அணு உலையோடு கூடிய ருஷ்யக் கோள் ஒன்று கனடாவின் பனிநிலத்தில் சிதறியபோது, கனடா 60 லட்சம் டாலர் கேட்டது, ருஷ்யா 1981இல் 30 லட்சம் தந்தது. பாதிதான், ஆனாலும் தந்தது. நாமும் விழவைப்பவர்களின் வரிசையில் இருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. 2023ஆம் ஆண்டு ஜூலையில் ஆஸ்திரேலியக் கரையில் ஒதுங்கிய பெரிய உருளை, நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பகுதிதான்.

காஸ்மாஸ் 482 ஏவப்பட்ட மூன்றாம் நாளே, 1972 ஏப்ரல் 3ஆம் தேதி நடுநிசிக்குப் பின், நியூசிலாந்தில் ஆஷ்பர்ட்டன் என்ற ஊருக்கு அருகே பயிர் நிலங்களில் டைட்டேனிய உருண்டைகள் சில தகிக்கத் தகிக்க வந்து விழுந்தன; ஒவ்வொன்றும் 13 கிலோவுக்கு மேல். அவை அந்த ராக்கெட்டைச் சேர்ந்தவை. சட்டப்படி அப்படிப்பட்டதை ஏவிய நாட்டுக்குத் திருப்பித் தரவேண்டும். ருஷ்யாவோ எங்களுடையதல்ல என்று சொல்லிவிட்டது. சொந்தக்காரன் கைவிட்டதால், அவை விழுந்த நிலத்துக் குடியானவர்களுக்கே போய்ச் சேர்ந்தன.

இதை ஏன் கடைசியில் சொல்லுகிறேன் என்றால், நம் கரையிலும் இப்படி ஏதாவது ஒதுங்கலாம், வலையிலும் சிக்கலாம். நான்கு நூறு டன் எடையுள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தையே 2030ஆம் ஆண்டுக்குப் பின் தென் பசிபிக் கடலில் இறக்குவதாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இனி விழுவது கூடுமே தவிரக் குறையாது. உருண்டையோ உருளையோ கிடைத்தால், பழைய இரும்புக்குப் போடலாமென்று சுத்தியலால் உடைக்காதேயுங்கள். உள்ளே ஹைட்ரசீன் என்ற எரிபொருள் மீந்திருந்தால் அதன் ஆவியே விஷம். பிள்ளைகளை எட்ட நிறுத்திவிட்டு, மரைன் போலீசாருக்குச் சொல்லுங்கள். போலீசாரிடம் போகக் கூச்சமாயிருந்தால் கோவில் வீட்டில் வந்து சொல்லுங்கள். நான் கூட வருகிறேன். படகைக் கரையேற்றின இடத்திலேயே அது கிடந்தாலும், அடுத்த துறையில் வலை இழுக்கிறவர்களிடம் முதலில் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.